கால் பட்டால் கும்பிடக் கூடாது

விடிகாலையில் மயிலாப்பூரிலிருந்து சாந்தோம் கடற்கரை வரைக்கும் தனியாக நடந்துவிட்டு வருவது என் பழக்கம். யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதாலேயே அந்த நடை எனக்குப் பிடிக்கும். ஒருநாள் பைக்கில் வந்தவன் என் கைப்பையைப் பிடுங்கிக்கொண்டு போனான். உள்ளே இருந்தது பழைய மூக்குக்கண்ணாடியும் ஒரு விபூதிப் பொட்டலமும்தான். ஆனாலும் மகன் என் நடையை நிறுத்திவிட்டான்.

மருமகள் ஞாயிறுதோறும் அடையாற்றில் ஒரு மொட்டை மாடியில் கம்புச் சண்டை கற்றுவந்தாள். சிலம்பம் இல்லை, பிலிப்பைன்ஸ் நாட்டுச் சண்டை. ஒன்றரை முழப் பிரம்புதான் ஆயுதம்.

“அத்தையையும் இட்டுக்கினு போறேன். மாஸ்டர் சரின்னு சொன்னா தனியா உட்டுருவீங்களா?” என்று அவள் கேட்டாள்.

“சொன்னா பாக்கலாம்” என்று மகன் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் என்னைக் கிளப்பியது.

மாஸ்டர் முப்பது வயதுப் பெண். பத்துப் பேர் முன்னால் கம்பைத் தூக்க எனக்கு வெட்கம். முதல் இரண்டு வாரம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றுதான் வீசினேன். ஆனால் அஞ்சாவது வரைக்கும் படித்த பள்ளிக்கூடத்தில் நான் கோலாட்டம் ஆடியவள். தலை, தோள், இடுப்பு, முட்டி என்று மாஸ்டர் சொல்லச் சொல்ல, கை தானாகப் போனது.

வம்பு செய்தது கால்தான். தலைக்கவசம் போட்டு ஜோடியாக மோதும்போது என் கால் மருமகள் மேல் பட்டுவிடும். உடனே குனிந்து, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். அதற்குள் டொக்கென்று தலையில் ஒன்று விழும்.

“இன்னா அத்தை, சண்டையில கும்பிடு போட்டுக்கினு கீறீங்க?”

“கால் பட்டுடுச்சேம்மா.”

“திருடன் மேல பட்டா அவனையும் கும்பிடுவீங்களா?” என்றார் மாஸ்டர். மாடியே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “அம்மா, உங்க மருமக தலையைக் கம்பால ஒரே ஒரு தடவை தொட்டுடுங்க. உங்க பையன்கிட்ட நானே பேசறேன்.”

அதற்குப் பிறகும் நான்கு ஞாயிறு போயின. தலையில் வாங்கியதற்குக் கணக்கே இல்லை. வீட்டில் சமைக்கும்போதுகூட, காலில் பூனை இடித்தால் குனியாமல் நிற்கப் பழகினேன்.

ஐந்தாவது ஞாயிறு. மோதும்போது மருமகள் வேகமாக என்னை நெருங்கி வந்தாள். வந்த வேகத்தில் என் பாதத்தை நன்றாக மிதித்துவிட்டாள்.

“ஐயையோ, அத்தை!”

கம்பைத் தாழ்த்திக் குனிந்தாள், என் காலைத் தொட. நான் யோசிக்கவே இல்லை. டொக்!

அடி வாங்கியும் அவள் கும்பிட்டு முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். “அத்தை! இது போங்கு!”

“போங்கெல்லாம் இல்ல, செல்லும்” என்று மாஸ்டர் அங்கேயே போனை எடுத்து என் மகனைக் கூப்பிட்டார். “உங்கம்மா தேறிட்டாங்க சார். அடிச்சிட்டு நிக்காம ஓடணும்னும் சொல்லிக் குடுத்திருக்கேன்.”

மறுநாள் விடிகாலையில் குடையோடு கிளம்பினேன். மகன் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தான்.

“மழையே இல்லையேம்மா, குடை எதுக்கு?”

“அது குடை இல்ல” என்று உள்ளேயிருந்து மருமகள் குரல் கொடுத்தாள். “வழி உடுங்க!”

அவன் கேட்டைத் திறந்துவிட்டான்.