கோர்படியில் ஒரு பாவப் பட்டியல்

மறைக்கல்வி வாத்தியாருக்குச் சம்பளம் பரலோகத்தில். தலைவலி மட்டும் இங்கேயே, கைமேல். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தபின் ஒன்பது பிள்ளைகளைப் பத்து நிமிடம் ஒரே பெஞ்சில் உட்காரவைக்கப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

மீன் வயிற்றில் மூன்று நாள்

புனேயில், கோர்படிக் கோயிலில் புதுநன்மை என்கிற முதல் நற்கருணை வாங்கப்போகும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு நான் பாடம் எடுக்கிறேன். மறைக்கல்வியைக் கவனிக்கும் ஸ்டெல்லா டீச்சர் இந்த வருஷம் கறாராகச் சொல்லிவிட்டார்: சாமியாரிடம் பாவத்தை அறிக்கையிடும் முதல் பாவசங்கீர்த்தனத்தைப் பிள்ளைகள் தமிழில் சொல்ல வேண்டும், முடியாவிட்டால் எல்லாரும் இங்கிலீஷ் வகுப்புக்கு, தமிழ் வகுப்புக்குப் பூட்டு. அன்றிலிருந்து எனக்கு உட்கார்ந்தால் நிற்கத் தோன்றும், நின்றால் நடக்கத் தோன்றும்.

பிள்ளைகள் எனக்கு மேல். ஒருவன் பெஞ்சுக்கு அடியில், ஒருத்தி ஜன்னல்மேல். இழுத்துப் பிடிக்கப் பைபிளிலிருந்து யோனாவை எடுத்தேன். அவரை விழுங்கிய மீனுக்கு வாய் புனேயில், வால் லோணாவளாவில் என்று அளந்தேன். மூன்று நாள் உள்ளேயே கிடந்தார் என்றதும், ஹிஞ்சேவாடியிலிருந்து வரும் ரோஹன் கொட்டாவி விட்டான்: "எங்கப்பா தினம் டிராஃபிக்ல, கம்பெனி கேப்ல அப்படித்தான் கிடக்கிறார், தாத்தா."

பாதி காலியான பக்கம்

ஒத்திகை வைத்தேன். "என்ன பாவம் செய்தாய்?" என்றால் ஒன்பது பேரும் கூரையைப் பார்த்தார்கள். அவசரத்துக்கு என் சொந்தச் சரக்கையே அவிழ்த்துவிட்டேன்: "மனைவிக்குத் தெரியாமல் ஜிலேபி தின்றேன். மாத்திரை போட்டுக்கொண்டதாகப் பொய் சொன்னேன். பட்டாளத்தில் புலி சுட்டதாகக் கதை விட்டேன்."

அதிசயம், ஒன்பது தலைகளும் குனிந்தன! தமிழ் எழுத்து தெரியாத பிள்ளைகள், என் தமிழை இந்தி எழுத்தில் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டார்கள். இதெல்லாம் வெறும் மாதிரி என்று சொல்ல, அந்த அமைதியின் ருசியில் மறந்தே போனேன். நிக்டியிலிருந்து வரும் ஜானெட் பென்சிலைக் கடித்தபடி கேட்டாள்: "இன்னும் ரெண்டு பாவம் சொல்லுங்க தாத்தா, பேஜ் பாதி காலியா இருக்கு."

எத்தனை தடவை?

தமிழ் தெரிந்த சாமியார் ஒருவர் வெளியூரிலிருந்து வந்து பாவசங்கீர்த்தனத் தொட்டி என்கிற மரக்கூண்டில் உட்கார்ந்தார். அன்று கோயிலைச் சுற்றி நான் நடந்த நடைக்கு மும்பையே வந்திருக்கும். பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போனார்கள், கடிகாரம் வைத்த மாதிரி சம நேரத்தில் வந்தார்கள். கடைசியாக வந்த ரோஹன் முகத்தைச் சுளித்திருந்தான். "மனைவிக்குத் தெரியாம ஜிலேபி தின்னேன்னு கரெக்டாதான் சொன்னேன். 'எத்தனை தடவை?'ன்னு கேட்டுட்டார், தாத்தா. அது பேப்பர்ல இல்லையே!"

தமிழில் எப்படிச் சொல்வது?

எனக்குப் பின்னால் ஸ்டெல்லா டீச்சர் நின்றிருந்தார். ஒன்பது தாள்களையும் வாங்கிப் படித்தார். "இது உங்க பாவம் சார். அவங்க சொந்தப் பாவத்தோட திரும்ப உள்ள போகட்டும், பேப்பர் இல்லாம." வகுப்பு ஒழிந்தது என்றே நினைத்தேன். மனப்பாடத்தைப் பிடுங்கிவிட்டால் இவர்களிடம் ஏது தமிழ்?

பெஞ்சில் ஒருத்தரும் நெளியவில்லை. எனக்குத்தான் கால் தரிக்கவில்லை. ஜானெட் எழுந்து வந்து டீச்சரின் சேலையைப் பிடித்து இழுத்தாள், கண் கலங்கியிருந்தது. "மிஸ், தம்பியை நான்தான் புஷ் பண்ணேன். அவனே விழுந்தான்னு அம்மாகிட்ட பொய் சொல்லிட்டேன். இதைத் தமிழ்ல எப்படிச் சொல்றது?"

"நீ இப்ப சொன்னதுதான்டி தமிழ். போ, உள்ள போ."

அவளுக்குப் பின்னாலேயே மற்ற எட்டுப் பேரும் வரிசை கட்டினார்கள். டீச்சர் தாள்களை என் கையில் திணித்தார்: "அடுத்த வருஷமும் நீங்களே எடுங்க சார். ஜிலேபியை மட்டும் விட்டுடுங்க."

ஆக, என் பாவங்களுக்கு ஒரே காலையில் ஒன்பது முறை மன்னிப்பு கிடைத்தாயிற்று. நான் போய்ச் சொல்வதுதான் பாக்கி.