வெள்ளிக்கிழமைகளில் என்மேல் வந்தது

அம்மன் பிள்ளைகளே, என் பெயர் பாக்கியம். மாத்தளைக் கடைவீதியில் புடவைக்கடையில் துணி அளந்துபோடும் ராமையாவின் மனைவி. என் தலைக்குள் புற்றுநோய் வளர்ந்தபோது அதற்குக் கற்பூரம் காட்டினார்கள், உடுக்கை அடித்தார்கள், காலில் விழுந்தார்கள். அதிலிருந்து ஆத்தா என்னை எப்படி வெளியே இழுத்தாள் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். வலது கை விளங்காது, இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்க வேண்டாம், படித்தால் போதும்.

அறுபதுகளின் நடுவில் அது ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் மண்டை பிளக்கும், வாந்தி வரும். "மறுபடி முழுகாம இருக்கியா?" என்று கேட்டாள் நாத்தனார் சிவகாமி. கணவரின் அக்கா அவள். புருஷனை இழந்து எங்களோடு இருந்தாள். வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். பிறகு என் வலது கை மரத்துப்போனது. தண்ணீர் கேட்க வாயைத் திறந்தால் வேறு ஏதோ சொல் வரும்.

மாசி மகத் தேர் அன்று விரதத்தோடு வெயிலில் நின்றேன். கை உதறியது மட்டும் நினைவிருக்கிறது. கண் விழித்தபோது மஞ்சள் தண்ணீரில் நனைந்து கிடந்தேன். நாக்கு கடிபட்டு வாயெல்லாம் ரத்தம். சுற்றி நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஆத்தா வந்துட்டா! எங்க வீடு தேடி வந்துட்டா!" என்று நாத்தனார் அழுதாள்.

அன்றோடு என் சோறு போனது. வியாழக்கிழமை முழுக்கப் பட்டினி. இரவு நாத்தனார் கண்மூட விடமாட்டாள். வெள்ளிக்கிழமை விடிந்ததும் சாம்பிராணி, வேப்பிலை, உடுக்கை. பட்டினியும் தூக்கமில்லாமையும் சேர்ந்தால் வலிப்பு வரத்தான் செய்யும் என்று பின்னாளில் டாக்டர் சொன்னார். எங்களுக்கு என்ன தெரியும்? விழுந்தால் நான் தெய்வம். விழாத வெள்ளிக்கிழமை தீண்டல், தீட்டு என்று ஏதாவது குற்றம் கண்டுபிடிப்பார்கள். நான் குழறியதெல்லாம் ஆத்தா பாஷை. அதற்கு அர்த்தம் சொல்ல நாத்தனார் இருந்தாள். அலுவிகாரையிலிருந்தும் நாவுலயிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பத்தினித் தெய்வம் இறங்கியிருக்கிறது என்று சிங்களப் பெண்களும் வந்தார்கள்.

ஒரு தடவை கூட்டத்தில் யாரோ, "நெசமான சாமிதானா?" என்று கேட்டுவிட்டார். நாத்தனாருக்கு ரோசம் வந்துவிட்டது. என் வலது உள்ளங்கையில் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினாள். எரிந்தது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. தோல் பொசுங்குகிற நாற்றம் அடித்தது, அது என் தோல் என்று மூக்குதான் சொன்னது. "தாயே!" என்று கூட்டம் அலறியது. என் கணவரும் விழுந்து கும்பிட்டார். தாலி கட்டிய மனிதர் என் காலைத் தொட்டபோது செத்துவிட வேண்டும்போல் இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை கையில் கட்டோடு கோயிலுக்குப் போனேன். வியாதி தீர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வியாதி என்றே யாரும் ஒப்புக்கொள்ளாதபோது எதைத் தீர்ப்பது? "ஆத்தா, நீ எம்மேல இல்லன்னு ஒனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். இன்னும் ஒரே ஒரு ஆளுக்குத் தெரிய வை" என்றேன். கோபத்தில்தான் கேட்டேன். அழக்கூட இல்லை.

அந்த வெள்ளிக்கிழமையே பதில் வந்தது. நாவுலயிலிருந்து ஒரு சிங்களப் பெண் வெற்றிலைத் தட்டோடு பிள்ளை வரம் கேட்க வந்திருந்தாள். நான் உதறி விழுந்ததும் எல்லோரும் கும்பிட்டார்கள். அவள் மட்டும் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்து, என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயைத் துடைத்தாளாம். "மே தேவியோ நெவெய், லெடக்" என்று என் கணவரிடம் சொன்னாளாம். சாமி இல்லை, வியாதி என்று அர்த்தம். அவளுடைய தம்பி இப்படி விழுந்து விழுந்தே செத்தவன். "மலடிக்கு ஆத்தாவத் தெரியுமா?" என்று கத்தி, நாத்தனார் அவள் தட்டைத் தெருவில் வீசினாள். அவள் அழுதுகொண்டே போனாள்.

வரம் கேட்க வந்தவள் வாயால்தான் ஆத்தா எனக்குப் பதில் சொன்னாள். அவள் பேர்கூட எனக்குத் தெரியாது. அவளுக்குப் பிள்ளை பிறந்ததா என்பதும் தெரியாது. தினமும் அவளுக்காகக் கும்பிடுகிறேன்.

மறுநாள் கணவர் அக்காவிடம் சொல்லாமல் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். மாத்தளையிலிருந்து கண்டிக்கும், அங்கிருந்து கொழும்புக்கும் அனுப்பினார்கள். மூளையில் கட்டி, புற்றுநோய் என்றார்கள். கணவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். எனக்குச் சிரிப்பு வந்தது. கடைசியில் அதற்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டதே!

மொட்டை அடித்து மண்டையைத் திறந்தார்கள். பிறகு மிச்சக் கட்டியைக் கருக்கக் கரண்ட் வைத்தார்கள், கதிர் வைத்தியம். முழுவதும் எடுக்க முடியவில்லை, காலம் சொல்ல முடியாது என்றார் டாக்டர். "மக கமலா பெரியவளாகுற வரைக்குமாவது விடு தாயே" என்று கட்டிலில் கிடந்து கேட்டேன். இந்தத் தடவை அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும், "ஆத்தாவ வெட்டி எறிஞ்சிட்டு வந்து நிக்கிறா பாரு" என்றாள் நாத்தனார். காலில் விழுந்தவர்கள் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் மாறி நடந்தார்கள். கோயிலில் திருநீற்றுக்கு இடது கையை நீட்டினேன். பூசாரி தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டார். கூனிக்குறுகிப் போனேன். ஆனால் நகரவில்லை, நெற்றியை நீட்டினேன். அவர் பூசித்தான் ஆகவேண்டியிருந்தது. இன்றைக்கும் அப்படித்தான்.

ஒரு ராத்தல் பாண் ரொட்டிக்கு வரிசையில் நிற்கிற இந்த எழுபதுகளிலும் நான் உயிரோடு இருக்கிறேன். கமலா சமைந்து, அவளுக்குத் தண்ணீர் ஊற்றினதைக் கண்ணால் பார்த்தேன். மிச்சக் கட்டி உள்ளே இருக்கிறது. வளரலாம். பயமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் கேட்டதற்குப் பதில் சொன்னவள் கூட இருக்கிறாள், அந்தத் தெம்பில் எழுந்து நடமாடுகிறேன்.

போன வாரம் நாத்தனார் அடுப்படிக்கு வந்து, ரொம்ப மெதுவாகக் கேட்டாள்: "பாக்கியம், ஒரே ஒரு வெள்ளிக்கெழம அந்த வலிப்பு மாத்திரைய விட்டுப் பாரேன். ஆத்தா திரும்பி வந்தாலும் வருவா." அவள் கண்ணில் அப்படி ஒரு ஏக்கம்.

"அவ வரணும்னா மாத்திரையத் தாண்டி வருவா, அண்ணி" என்று சொல்லி, அவள் முன்னாலேயே விழுங்கினேன்.

பிள்ளைகளே, உங்கள் வீட்டில் யாராவது உதறி விழுந்தால் கும்பிடுங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறிவிட்டுக் கும்பிடுங்கள். அந்த பஸ்ஸிலும் ஆத்தா கூட வருவாள். எனக்கு வந்தாள்.