ஏழாம் பக்கத்தில் ஒரு முங்கு

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை மாலை நாலு மணி நாற்பது நிமிடத்துக்கு எல்லாம் கெட ஆரம்பித்தது. மணி எனக்கு இவ்வளவு துல்லியமாகத் தெரியக் காரணம், என் சாதனைக்கு நேரம் பார்க்க வேண்டும் என்று கூடத்து மேசையிலிருந்த கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து பின்வாசல் படியில் வைத்தவளே நான்தான். அம்மா சிலுவைப்பாதைக்குக் கோயிலுக்குப் போயிருந்தாள். அப்பா தோணியில் கொழும்புக்குப் போயிருந்தார். சின்ன மாமா, அதாவது அம்மாவின் தம்பி, சங்கு குடோனில் வேலையாக இருந்தார். நான் கையில் புத்தகத்தோடு ஆட்டுக்கல்லின் மேல் ஏறி நின்றேன்.

போன வாரம் என் மகனின் வகுப்பில் யார் அதிகம் வாசிக்கிறார்கள் என்று ஒரு போட்டி வைத்தார்கள். அவன் உள்ளறையில் நிறுத்தாமல் கடகடவென்று வாசித்துக்கொண்டே போனான். நான் அடுப்பில் இருந்த பாலை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய், "மூச்சு விடுடா!" என்று கத்தினேன். அவன் என்னை வேற்று மனுஷியைப் போலப் பார்த்தான். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அவனிடம் காரணம் சொல்லவில்லை. இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

எங்கள் வீட்டுக்குப் பெரிய மாமாவின் மகள் வந்து சேரும்வரை, சின்ன மாமாவின் சைக்கிளில் முன்பார் என்னுடையதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதில் என்னை உட்கார வைத்துப் பழைய துறைமுகத்துப் பாலத்துக்குக் கூட்டிப்போவார். அம்மாவின் அண்ணனான பெரிய மாமா முத்துக்குளிப்பில் கடலோடு போனவர். கூடத்தில் மாதா படத்துக்குக் கீழே அவர் படம் மாலையோடு தொங்கியது. அவர் மகள் மணப்பாட்டில் அவளுடைய அம்மாவோடு இருந்தாள். என் வயதுதான், ஆனால் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். அந்த ஊர்ப் பள்ளியில் அவளை மறுபடியும் அதே வகுப்பில் உட்கார வைத்துவிட்டார்கள் என்று சின்ன மாமா போய்க் கையோடு கூட்டிவந்துவிட்டார்.

வந்த வாரமே கோயில் வாசகசாலையிலிருந்து இரண்டு புத்தகங்கள் வந்தன. எனக்கு ஒரு கப்பல் பயணக் கதை, தடிமனாக. அவளுக்கு ஒரு படக்கதை, அப்பளம் போல. சனிக்கிழமைதோறும், கடலுக்குள் முங்குவது போலப் புத்தகத்துக்குள் ஆளுக்கு ஒரு முங்கு என்றார் மாமா. ஒவ்வொரு முறையும் முதல் வரியில் ஆரம்பித்து உரக்க வாசிக்க வேண்டும். தடுமாறினால் மேலே வந்துவிட வேண்டும், அவ்வளவுதான் அந்த வாரத்து முங்கு. அதுவரை எட்டியதிலேயே ஆழமான இடத்தில் ஒரு சங்குத் துண்டை வைத்துப் புத்தகத்தை மூடுவார். அடுத்த சனிக்கிழமை அந்தத் துண்டைத் தாண்டிவிட்டால், ஒரு வரியானாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை முன்பார் தாண்டியவளுக்கு.

இதில் நான் செய்த முட்டாள்தனம் முதல் நாளே நடந்துவிட்டது. புதிதாக வந்தவளுக்கு நான் யார் என்று காட்ட வேண்டாமா? நிமிர்ந்து உட்கார்ந்து ஏழு பக்கம் தடுமாறாமல் வாசித்துத் தள்ளினேன். அவள் மூன்று வரியில் நின்றுவிட்டாள். எனக்குப் பாயசம் குடித்தது போலிருந்தது. அடுத்த வாரம் அவள் நாலு வரி வாசித்தாள். நான் ஐந்தாம் பக்கத்தில் தடுக்கி விழுந்தேன். வாசிக்கும்போது என் ஒரு காது அவள் பக்கமே இருந்தது. அவள் அடுப்படியில் முணுமுணுவென்று வாசித்துப் பழகுகிற சத்தம் கேட்டாலே என் கண்ணுக்கு முன்னால் வரிகள் கலைந்து போயின.

அவள் நாலு வரி வாசித்ததற்கு மாமா விசிலடித்தார். ஏழு பக்கத்துக்குக்கூட எனக்கு விசில் வந்ததில்லை.

"மாமா, அவ நாலு வரிதான வாசிச்சா. நான் அஞ்சு பக்கம்!"

"போன வாரம் நீ ஏழுல்லா? கீழ போகணும்ளா, மேல வாரியே."

"இது ஞாயமே இல்ல."

"அவ ஆழம் அவளுக்கு, உன் ஆழம் உனக்கு. அடுத்த ஆள் மூச்சப் பாத்து முங்குனா கெட்டுப் போவ." சொல்லிவிட்டு அவளைத் தூக்கிப் பாரில் உட்கார வைத்தார். நான் பின்னால் கேரியரில், மூட்டை மாதிரி. அவள் போகிற வழியெல்லாம் கடைப் பலகைகளை எழுத்துக்கூட்டிக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு பலகைக்கும் மாமா மணியடித்தார்.

வாரங்கள் போயின. அவள் ஒரு பக்கம் தாண்டி, ஒரு கதை தாண்டி, என் அப்பாவுக்கு வரும் மாலைப் பத்திரிகையின் தலைப்புகளுக்கு வந்துவிட்டாள். சாப்பிடும்போதும் மடியில் புத்தகம். ஒருநாள் என் தடிப் புத்தகத்தை எட்டிப் பார்த்து, "துண்டு இன்னும் ஏழாம் பக்கத்துலதான் கெடக்கா?" என்று கேட்டாள். கேலி இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கேலியாக இருந்திருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். மாமா ஏன் அவளுடைய ஒவ்வொரு வரிக்கும் அப்படி மலர்ந்து போகிறார்? சொந்த அக்கா மகள் நானில்லையா? ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலத்தில் உட்கார்ந்திருந்தபோது, அவர் கவனத்தை என் பக்கம் இழுக்கலாம் என்று கடல் கதை கேட்டேன். முத்துக் குளிக்க இறங்குகிறவர் இடுப்பில் கயிறு கட்டியிருக்கும் என்றும், மூச்சு முட்டினால் அவர் அதை இழுப்பார் என்றும், மேலே வள்ளத்தில் நம்பகமான ஒருவர் அதைப் பிடித்திருப்பார் என்றும் அப்பா சொல்லியிருந்தார்.

"பெரிய மாமாவுக்குக் கயிறு புடிச்சது யாரு மாமா?"

மாமா சைக்கிளுக்குக் காற்றடிக்க வேண்டும் என்று எழுந்தார். டயர் கல்லு மாதிரிதான் இருந்தது.

அது ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலம். அந்த வெள்ளிக்கிழமை காலை, பெரியவர்களைப் போல நானும் ஒருசந்தி விரதம் என்று சொல்லி ஒன்றும் சாப்பிடவில்லை. "பிள்ளையளுக்கு ஒருசந்தி கெடையாதுளா, ரெண்டு இட்லியத் தின்னு" என்றாள் அம்மா. "அவ தின்னட்டும்" என்றேன். அவள் தின்றாள். எனக்கும் சேர்த்து.

பட்டினியில்தான் அந்த யோசனை வந்தது. வரி கணக்கில் இனி நான் ஜெயிக்கப் போவதில்லை. ஆனால் முங்கு என்றால் நிஜமாகவே முங்க வேண்டும், இல்லையா? ஏழாம் பக்கம் முழுவதையும் ஒரே மூச்சில் வாசித்துக் காட்டினால்? அது அவளால் ஆகாது. மாமா குடோனிலிருந்து வந்ததும் அவளே சாட்சி சொல்லட்டும் என்று அவளை எதிரே உட்கார வைத்தேன்.

"எதுக்கு இப்பிடி இளைக்குத?" என்றாள், நான் மூச்சை இழுத்து இழுத்து விடுவதைப் பார்த்து.

"சும்மா இரு. மணிய மட்டும் பாரு."

வெயில் நேரே முகத்தில் அடித்தது. பாதிப் பக்கம் நன்றாகத்தான் போயிற்று. முக்கால் பக்கத்தில் நெஞ்சு காய்ந்தது. காதுக்குள் கடல் இரைந்தது. எதிரே அவள் வாயைப் பிளந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்கு எவ்வளவு இனித்தது! இன்னும் நாலு வரி, மூன்று வரி. எழுத்துகள் ஓரத்திலிருந்து கறுத்துக்கொண்டே வந்தன.

கண் விழித்தபோது ஆட்டுக்கல்லுக்குக் கீழே கிடந்தேன். புருவத்திலிருந்து ரத்தம் வடிந்து கண்ணில் இறங்கியது. பக்கத்து வீட்டு அக்கா தண்ணீரை வாரி அடித்துக்கொண்டே, "மாதாவே, மாதாவே" என்று அரற்றினாள். பெரிய மாமா மகளைக் காணோம். செருப்புகூடப் போடாமல் குடோனுக்கு ஓடிவிட்டாளாம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? மாமா வருவார், என்னைப் பாரில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார், அவள் கேரியரில் வருவாள் என்று கணக்குப் போட்டபடி கிடந்தேன்.

மாமா வந்தார். சைக்கிளை எடுக்கவில்லை. அவ்வளவு தூரமும் ஓடியே வந்திருந்தார். பின்னாலேயே அவளும் இளைக்க இளைக்க வந்து அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த நிலையிலும் அவள் பிடித்திருந்த சட்டை நுனிதான் என் கண்ணில் பட்டது. எத்தனை வரி என்று மாமா கேட்பார், சொல்லத் தயாராக இருந்தேன். அவர் மண்டியிட்டு என் இடுப்பை இரண்டு கைகளாலும் தடவித் தேடினார். என்னைத்தான் பார்த்தார், ஆனால் எனக்குப் பின்னால் எங்கோ வெகு ஆழத்தில் இருப்பவரிடம் பேசுவது போலிருந்தது குரல்.

"ஏன் மேல வரல? கயித்த ஒரு இழுப்பு இழுத்திருக்கலாம்லா? நான் புடிச்சிக்கிட்டுத்தான இருந்தேன்."

நான் தலையைத் தூக்கி ஆட்டுக்கல்லைச் சுற்றிப் பார்த்தேன். கயிறு எதையும் காணோம்.