அனுப்பியவர் பெயரில்லாத மூன்று கடிதங்கள்

வெங்கடேஸ்வரி லத்தீன் படிக்கிறார் என்றால் சொந்த ஊரான மகாராஜபுரத்தில் சிரிப்பார்கள். பட்டாளத்துக்கும் போலீசுக்கும் ஆள் அனுப்பிய குடும்பம். மதுரையில் பாதிரிமார் படிக்கும் ஒரு குருமடத்து நூலகத்தில் பட்டியல் எழுதப் போன இடத்தில் அந்த மொழி அவரைப் பிடித்துக்கொண்டது. பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளியில் வரலாற்று ஆசிரியையாகச் சேர்ந்தார். ராஜபாளையத்தில் தாயார் ஆவுடையம்மாளுடன் குடியிருந்துகொண்டே முனைவர் பட்டத்துக்கும் பதிந்தார்.

எட்டாம் நூற்றாண்டின் மூன்று கடிதங்கள்தான் அவருடைய ஆய்வு. மேல் ஓரம் சிதைந்து, எழுதியவர் பெயர் போய்விட்டது. பெயரை அடுத்து வரும் பட்டம் மட்டும் மிஞ்சியிருந்தது: ‘செர்வுஸ் செர்வோரும் தெயி’. கடவுளின் ஊழியர்களுக்கு ஊழியன். ரோமாபுரிப் போப்பாண்டவர்கள் தங்களுக்குச் சூட்டிக்கொண்ட பட்டம். வேறு சில ஆயர்களும், அதாவது பிஷப்புகளும், அப்படி எழுதிக்கொண்டதுண்டு என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் இந்தக் கடிதங்களில் உள்ள அதிகாரம் ஒரு போப்பாண்டவருக்கே உரியது என்று வாதிட்டு ஐந்து இயல்கள் எழுதினார். பதினோரு வருடம் அதிலேயே போனது.

ஆய்வேட்டை ஒப்படைக்க இரண்டு மாதம் இருக்கும்போது, ஜெர்மனியில் ஒரு நூலகத்திடம் எப்போதோ கேட்டிருந்த படங்கள் மின்னஞ்சலில் வந்தன. அதே மூன்று கடிதங்களின் வேறொரு படி, ஓரம் சிதையாதது. ஆசிரியர் அறையில் உட்கார்ந்து செல்போனில் பெரிதாக்கிப் பார்த்தார். மூன்றிலும் ஒரே பெயர். யாரும் கேள்விப்படாத ஒரு சின்ன ஊரின் ஆயர்.

அன்று மாலையே நெறியாளரை அழைத்தார்.

“அந்தப் படத்த விட்டுருங்கம்மா. பரீட்சகருக்கு அது தெரியவா போகுது?”

“எனக்குத் தெரியுமே சார்.”

திருத்தி எழுத அவகாசம் கேட்டார். ஏற்கெனவே இரண்டு முறை நீட்டித்தாயிற்று, இனி இல்லை என்று பல்கலைக்கழகம் பதிவை ரத்து செய்தது.

“ஏட்டி, அந்த மனுசன் யாரா இருந்தா நமக்கென்ன?” என்றார் ஆவுடையம்மாள்.

“அவரு எழுதினத இன்னொருத்தர் எழுதினதா சொல்லிட்டு இருந்திருக்கேம்மா.”

“அவரு செத்து எம்புட்டு வருசம் இருக்கும்?”

“ஆயிரத்து இருநூறுக்கு மேல.”

“பொறவென்ன, அவரா வந்து கேக்கப் போறாரு?”

சோற்றைப் பிசைந்த வெங்கடேஸ்வரி அப்படியே கை கழுவிவிட்டார்.

அந்த ஆயரின் பெயரையாவது வெளியே சொல்லிவிட வேண்டுமென்று நான்கு பக்கக் கட்டுரை எழுதி வெளிநாட்டு இதழ் ஒன்றுக்கு அனுப்பினார். இதே செய்தி வேறொருவர் பெயரில் போன வருடமே அச்சாகிவிட்டது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அதற்குப் பிறகு அவர் லத்தீன் பக்கமே போகவில்லை. புத்தகத்தைத் திறந்தாலும் எழுத்து ஓடவில்லை.

கூட வேலை பார்க்கும் யோகேஸ்வரி ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “டீச்சர், அம்புட்டும் வீணாப் போச்சா?”

“ஆமா” என்றார் வெங்கடேஸ்வரி. ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள் கட்டைப் பிரித்துத் திருத்த ஆரம்பித்தார்.