முழுதாய்ச் செய்த இடிபாடு

லண்டன் மோர்டனில் என் தமக்கை வீட்டு முன்னறையில், சன்னலோரம், ஒரு சாண் உயரப் பளிங்குத் தூண்கள் மூன்று நிற்கின்றன. மேலே பாதி சிதைந்த உத்தரம். கீழே கறுப்புக் கற்பீடம். உரோமாபுரியில் பாழ்பட்டுக் கிடக்கும் கோயிலொன்றின் சிறுவடிவம் அது. முற்காலத்தில் அந்நகரைக் காணச் சென்ற ஆங்கிலச் செல்வர்கள் நினைவுக்காக வாங்கி வந்த பொருள்களுள் ஒன்று. அதை இவ்வீட்டுக்குக் கொண்டுவந்தவர் என் அத்தான்.

அத்தான் பேருந்து ஓட்டினார். தமக்கென்று ஒரு சட்டைகூடத் தாமாக வாங்கி அறியாதவர், தம் வழித்தடத்துப் பழம்பொருட் கடையின் கண்ணாடிக்குள் இதைப் பல மாதம் பார்த்துவந்து, ஒருநாள் ஷிப்ட் முடிந்ததும் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். அன்று நானும் அங்கிருந்தேன். அக்கா வாசலிலேயே மறித்தார். பின்னமான திருவுருவத்தை வீட்டில் வையாமல் நீரில் விடுவது எங்கள் வழக்கம்.

“காசு குடுத்து இடிபாடு வாங்கின ஆள் லண்டனிலை இவர் ஒராள்தான். உடைஞ்ச கோயில் வீட்டுக்கு ஆகாது. வாண்டில் ஆத்திலை விட்டிட்டு வாங்கோ.”

“இஞ்சேரப்பா, இது உடைஞ்சதில்லை. உடைஞ்ச மாதிரிச் செய்தது.”

“அப்பிடியும் ஒருத்தன் செய்வானோ? தம்பி, கோயிலிலை பதிகம் படிக்கிறனீ, நீ சொல்லு.”

அத்தான் என் முகத்தையே பார்த்தார். பீடத்தைப் பற்றிய கை தளரவில்லை. பதிகம் பாடும் வாயால் பாசத்துக்காகத் தீர்ப்புச் சொல்லலாகாது. கல்லை விளக்கடியில் வைத்து, சிதைவுகளை விரலால் தடவினேன். ஒவ்வொரு விளிம்பும் உளி செதுக்கி, மெருகேறி, வழுவழுப்பாக இருந்தது.

“அக்கா, முழுசா இருந்தது உடைஞ்சால்தான் பின்னம். இது பிறந்ததே இப்பிடித்தான். ஒரு குறையும் இல்லை” என்றேன். அத்தீர்ப்பில் எனக்கு இன்றும் ஐயமில்லை. சாமியறைப் பக்கம் கொண்டுவரக் கூடாது என்ற நிபந்தனையோடு அக்கா வழிவிட்டார். அதன்பின் மாலைதோறும் அத்தான் தேநீரோடு அதன் எதிரில் அமர்வார். பல்லவரோ சோழரோ எழுப்பிய கோயிலின் முன் நிற்பவர்போல அவர் முகம் தெளிந்திருக்கும்.

சென்ற மாரியில் அத்தான் சிவபதம் அடைந்தார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த சில நாளில், தூசு தட்டுகையில் அக்காவின் கை பட்டு நடுத்தூண் இரண்டாக முறிந்தது. இம்முறை மெய்யான பின்னம். செய்தி கேட்டு, ஆற்றங்கரைக்குப் போகும் ஆயத்தத்தோடு கனத்த கோட்டும் அணிந்து சென்றேன்.

“ஆத்துக்குக் கொண்டு போகட்டோ, அக்கா?”

“உன்னட்டை இப்ப ஆர் கேட்டது? கோட்டைக் கழட்டிப்போட்டு இரு. தேத்தண்ணி போடுறன்.”

தூண் பசையிட்டு ஒட்டப்பட்டிருந்தது, சற்றே சாய்வாக. சிற்பி செதுக்கிய சிதைவுகள் பலவற்றின் நடுவே உண்மையான முறிவு அது ஒன்றுதான். அக்கா துடைக்கும்போது அவ்விடம் வந்ததும் துணி மெதுவாகிறது.