இலந்தைக் கிளையில் கட்டிய சிவப்புத் துணி

திருத்தணியில் இலந்தைப் பழத்தை அடித்து உதிர்க்கிறார்கள். செடிக்கடியில் பழைய சேலையை விரித்துக் கழியால் நாலு சாத்து சாத்தினால், பழம், காய், இலை, எறும்பு எல்லாம் ஒன்றாக வந்து விழும். வந்த புதிதில் எனக்கு அது ஏதோ சண்டை போலத் தெரிந்தது. பர்மாவில், எங்கள் ப்ரோம் ஊரில், இதே பழத்துக்கு ஸீதீ என்று பெயர். அங்கே நாங்கள் கையால்தான் பறிப்போம். இலந்தைக்கு இரட்டை முள். ஒன்று நேராக நிற்கும், மற்றது உள்பக்கம் வளைந்திருக்கும். கை உள்ளே போகும்போது சும்மா இருந்துவிட்டு, வெளியே எடுக்கும்போதுதான் பிடிக்கும். பர்மாவும் எங்களை அப்படித்தான் பிடித்தது. அங்கிருந்து நடந்து வந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

மாமா வீட்டில் ஒண்டியிருந்த முதல் மாதமே, அகதிகளுக்கு என்று யாரோ கொடுத்த சேலையை வேண்டாமென்று திருப்பி அனுப்பினேன். பிறகு மங்கம்மாக்காவோடு பழம் பொறுக்கப் போனேன். மங்கம்மாக்கா மலையடிவாரத்தில் இருப்பவர். இலந்தையை இடித்து, மிளகாய், வெல்லம், உப்பு சேர்த்து வடை தட்டிக் காயவைத்து, படியேறும் பக்தர்களுக்கு விற்பவர். அவர் கூடையைவிட என் கூடை எப்போதும் சுத்தமாக இருக்கும். இதை வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

ஒன்றில் மட்டும் அவருக்கு என்மேல் குறை. பாதைப் பக்கம் நீளும் ஒரு கிளையை நான் தொடமாட்டேன். அதில் ஒரு சிவப்புத் துணித்துண்டைக் கட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

“இன்னாமே, முள்ளுக்குப் பயந்துகினு வுட்டுட்டியா?”

“இல்லக்கா. பின்னால வர்றவங்களுக்கு.”

“ஆங், மலையேறி வர்றவங்களுக்கா? வேண்டுதல்னு சொல்லு.”

அப்படியே இருக்கட்டும் என்று முடிச்சை இறுக்கினேன். சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவேன். அழுது இரக்கம் வாங்க எனக்குப் பிடிக்காது.

ஜப்பான்காரன் குண்டு போட்டதும் ப்ரோமிலிருந்து அரக்கான் மலையைத் தாண்டும் தாங்கப் கணவாய் வழியே நடந்தோம். அப்பா முன்பே இறந்துவிட்டார். அம்மா, நான், அண்ணன் தணிகாசலம், மூன்று பேர். மூன்றாம் நாள், அண்ணனோடு அரிசி மில்லில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் காய்ச்சலில் விழுந்தார். அவரைப் பாதையோரம் போட்டுவிட்டு வரமாட்டேன் என்று அண்ணன் நின்றுவிட்டான். “நீங்க நடங்க, ரெண்டு நாள்ல வந்து புடிச்சிர்றேன்” என்றான். அதன்பிறகு வழியில் இலந்தை கண்ட இடமெல்லாம் அவனுக்கென்று ஒரு கிளையை விட்டேன். இடுப்பில் சுற்றும் பர்மாத் துணியான என் சிவப்பு மாற்று லோஞ்சியைக் கிழித்து, அடையாளமாக ஒரு துண்டு கட்டினேன். பசியில் அம்மா அந்தக் கிளைகளைப் பார்த்த பார்வை எனக்குத் தெரியும். ஒரு தடவைகூடக் கை நீட்டவில்லை. எங்கள் வீட்டுக்கு என்ன பெருமை என்று யாராவது கேட்டால் அந்த நீட்டாத கையைத்தான் சொல்வேன்.

இரண்டு நாள் ஒரு வருஷம் ஆனது. கடிதம் கிடையாது. ஒருநாள் மாமா திண்ணமாகச் சொல்லிவிட்டார்.

“எத்தினி நாளு இப்பிடியே காத்துகினு இருப்பீங்க? வர்ற அமாவாசைக்குக் காரியம் பண்ணிடலாம்.”

அம்மா என்னைப் பார்த்தாள்.

“பழம் தீரட்டும் மாமா,” என்றேன். “செடியில ஒரு பழம் இருக்கிற வரைக்கும் பண்ணக் கூடாது.”

பைத்தியம் என்று நினைத்திருப்பார். ஆனாலும் ஒத்துக்கொண்டார். அன்றிலிருந்து அந்த ஒரு கிளையைத் தினமும் போய்ப் பார்த்தேன். பழம் சுருங்கிக்கொண்டே வந்தது.

கிளையில் நாலைந்து பழம் மிச்சமிருந்தபோது அண்ணன் வந்தான். ரயில் இறங்கி, வழி விசாரித்து, பாதி உடம்பாக வாசலில் நின்றான். சிட்டகாங்கில் ஆஸ்பத்திரி, பிறகு அஸ்ஸாமில் ரோடு வேலை. எழுதிய இரண்டு கடிதமும் எங்களுக்கு வந்து சேரவில்லை. பெரியவரைக் குழிதோண்டி அடக்கம் பண்ணிவிட்டுத்தான் கிளம்பினானாம். அம்மா அவனை விட்டு நகரவேயில்லை. அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்து கேட்டேன்.

“நான் விட்ட பழமெல்லாம் சாப்ட்டியாண்ணா?”

“பழமா? ஒன்னுகூட இல்ல. எனக்கு முன்னாடி எத்தனை ஆயிரம் பேர் போயிருப்பாங்க.”

என் முகம் சுண்டிப்போயிருக்க வேண்டும். அவன் சிரித்தான்.

“துணி இருந்திச்சி. பதினேழு துண்டு. ஒவ்வொன்னையும் பாத்து, இது வரைக்கும் ரெண்டு பேரும் நடந்திருக்காங்கன்னு தெரிஞ்சிக்குவேன். அதனால நானும் நடந்தேன்.”

இது நடந்து ஐந்து வருஷமாகிறது. அண்ணன் வந்த சேதி தெரிந்ததும் மங்கம்மாக்கா அந்தச் செடியில் தன் மகளுக்காக வேண்டிக்கொண்டு ஒரு நீலத்துணி கட்டினார். அப்புறம் யார் யாரோ கட்டினார்கள். இப்போது அதன்மேல் யாரும் கழி வைப்பதில்லை. எந்தச் சாமி என்று வெளியூர்க்காரர்கள் என்னிடமே கேட்கிறார்கள். ஸீதீ சாமி என்று சொல்லிவிட்டு நடக்கிறேன்.

லோஞ்சியில் மிச்சமிருப்பது இடுப்பைச் சுற்றப் போதாது. ஒரு பாதி அரக்கான் காட்டில் பதினேழு கிளைகளில் இருக்கிறது. மறுபாதியிலிருந்து ஒவ்வொரு தை மாதமும் ஒரு துண்டு கிழித்து, திருத்தணி மலையில் கட்டுகிறேன்.