வைஜயந்தியின் ஆட்சேபணை

ஆர்சி அட்டைப்படி அந்த மோட்டார் சைக்கிளின் சொந்தக்காரி வைஜயந்தி. அவளுக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. திருப்பதியில் ஒரு பெண்கள் விடுதியில் கணக்கு எழுதுகிறாள். அவள் சம்பளத்தைக் காட்டித்தான் லோன் கிடைத்தது, அதனால் வண்டி அவள் பேரில். ஓட்டுகிறவர் கணவர் ராமானுஜன், கோயிலில் பிரபந்தப் பாசுரங்கள் சேவிப்பவர். வண்டி யார் பேரில் இருக்கிறது என்று இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. அதே வண்டியில் நேபாளம் போய் முக்திநாத் பெருமாளைச் சேவிக்கப் போவதாக ராமானுஜன் சொன்ன பிறகுதான் அந்தப் பேச்சே வந்தது.

கூடப் போகிறவர் ரேணிகுண்டா ஹரிபாபு, ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். அவருக்குத் தனி வண்டி உண்டு. "நானும் வரேனே" என்று வைஜயந்தி சொல்லிப் பார்த்தாள்.

"அந்த மலை ரோட்டுல ரெண்டு பேரை இழுக்காது" என்றார் ராமானுஜன்.

திருமலைக்கு இரண்டு பேரையும் ஒரு தூக்குப் புளியோதரையையும் இழுத்த வண்டி அது. அன்றிலிருந்து அவள் கவனிக்கத் தொடங்கினாள்.

கரண்டு பில்லைப் போனில் கட்டுவது எப்படி என்று அவர் திடீரென்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார். நல்ல வேஷ்டி இரண்டை யாருக்கோ கொடுத்துவிட்டார். கட்டிலை விட்டுத் தரையில் படுத்தார். கேட்டால் முதுகுவலியாம், புத்தூரில் எலும்புக்குக் கட்டுப் போடும் வைத்தியர் சொன்னாராம். அவள் புத்தூருக்குப் போன் போட்டாள். அப்படிச் சொன்னதாக வைத்தியருக்கு ஞாபகம் இல்லை.

அவள் பயத்துக்குக் காரணம் ஓர்ப்படி வசுமதி. வசுமதியின் கணவர், அதாவது ராமானுஜனின் அண்ணா, ஒரு காலையில் "பத்ரிக்குப் போகட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். ரசம் பொங்குகிற நேரம். வசுமதி திரும்பிப் பார்க்காமலே "போங்கோளேன்" என்றாள். போனவர் அங்கே சன்னியாசம் வாங்கிக்கொண்டார். பெண்டாட்டி சம்மதம் இல்லாமல் எப்படிக் கொடுத்தீர்கள் என்று குடும்பமே போய் மடத்தில் கேட்டபோது, காவித் துணிக்குள்ளிருந்து அவர் நிதானமாக, "அவளிடம் கேட்டுண்டுதான் வந்தேன்" என்றார். அதன் பிறகு வைஜயந்தி பால் வாங்கப் போகிறவரிடம்கூட வெறுமனே "போங்கோ" என்று சொன்னதில்லை. "போயிட்டு வாங்கோ" என்றுதான் சொல்வாள்.

ஆர்டிஓ ஆபீசுக்கு எதிரே கடை வைத்திருக்கும் ஸ்வர்ணலதாதான் காகிதம் எல்லாம் தயார் செய்தாள். இன்சூரன்ஸ், புகைச் சான்று, லைசென்ஸ் நகல் எல்லாம் ஒரு கவரில் ஏறின. கடைசியாக ஒரு தாளை வைஜயந்தி பக்கம் நகர்த்தினாள்.

"ஓனர் சைன் வேணும்மா. ஆர்சில ஒரு பேரு, ஓட்டிக்கினு வர்றது வேற ஆளுன்னா பார்டர்ல நிறுத்திடுவாங்க. ஆட்சேபணை இல்லேன்னு நீங்க எழுதிக் குடுத்தா போதும்."

"எதுக்கு ஆட்சேபணை இல்லேன்னு? வண்டி போறதுக்கா, இவர் போறதுக்கா?"

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா. வண்டி தானா போவாது."

ராமானுஜன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். கொஞ்சம் சீக்கிரமாகவே நீட்டினார் என்று அவளுக்குப் பட்டது.

"திரும்பி வர்ற தேதி போடுங்கோ" என்றாள்.

"அது அங்க சுங்கத்துல குடுக்கற சீட்டுல வரும்மா."

"இதுலயும் இருக்கட்டும். திருக்கார்த்திகைக்கு முந்தின நாள்."

ஸ்வர்ணலதா ராமானுஜனை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னா சார், அந்தப் பக்கம் சின்ன வீடு எதுனா கீதா?"

"எங்காத்துல அந்த வியாதி இல்லம்மா. இது வேற" என்றாள் வைஜயந்தி. தேதி ஏறிய தாளை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். கையெழுத்துப் போடவில்லை.

அன்று சாயங்காலம் ராமானுஜன் வெள்ளிச் சம்புடத்தில் பட்டுத்துணி விரித்துக்கொண்டிருந்தார். வீட்டுப் பூஜையில் இருக்கும் சாளக்கிராமத்துக்கு.

"எங்கே எழுந்தருளப் பண்றேள்?"

"முக்திநாத் பக்கத்துக் கண்டகி நதிலேந்து வந்த பெருமாள்தானே? அங்கேயே ஒரு திருமஞ்சனம் பண்ணிண்டு வரலாம்னு."

"அவர் இங்கேயே இருக்கட்டும்."

"தினம் திருவாராதனம் நடக்கணுமேடி. நீ தொடக் கூடாது. யார் பண்ணுவா?"

"அடுத்த தெரு ஸ்ரீனிவாசராகவன் மாமாகிட்ட சொல்லிட்டேன். திருக்கார்த்திகைக்கு முந்தின நாள் வரைக்கும் வருவார். மறுநாள் பொண்ணாத்துக்குச் சென்னை போறார். அதுக்கப்புறம் பண்ண ஆள் இல்லை. பெருமாள் பட்டினிதான்."

ராமானுஜன் கையிலிருந்த பட்டுத்துணியைப் பார்த்தபடி இருந்தார். பிறகு துணியை நாலாக மடித்து வைத்துவிட்டு, பூஜை அலமாரியைச் சாத்தினார்.

"ரோடு நன்னா இருந்தா ரெண்டு நாள் முன்னாடியே வந்துடுவேன்" என்றார், கொஞ்சம் எரிச்சலோடு.

அந்த எரிச்சல் அவளுக்குப் பிடித்திருந்தது. துறந்து போகிறவருக்கு எரிச்சல் வராது. கைப்பையிலிருந்து தாளை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். "போயிட்டு வாங்கோ" என்று கொடுத்தாள்.

அவர் குளிக்கப் போனதும் ஸ்ரீனிவாசராகவனுக்குப் போன் போட்டாள். "மாமா, நீங்க சென்னைக்குப் போகலேன்னு தெரியும். ஆனா இவர் எப்போ கேட்டாலும் டிக்கெட் எடுத்தாச்சுன்னே சொல்லுங்கோ. கேட்பார்."